ஆறாவது ஆளுக்கு மார்க் இல்லையாம்: ஃப்ரெஸ்னோவா, டாலஸ் கிரகப்பிரவேசமா?

சௌத்பே_அம்மா (ஞாயிறு, இரவு 10:40)

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் விசா இழையையும் சமையல் இழையையும் சத்தமில்லாமல் படித்துவிட்டுப் போனவள் நான். இன்று வீட்டில் பேச்சு முற்றிவிட்டதால் எழுதுகிறேன்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. பி.இ. என்கிற உடற்பயிற்சி வகுப்புக்குப் பதிலாகக் கணக்கில் வரும் என்று ஒன்பதாவதில் க்ராஸ் கன்ட்ரியில், அதாவது மேடு பள்ளமான புல்வெளியில் ஓடும் நீளஓட்டத்தில், சேர்ந்தாள். ஆள் கழிக்காமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் விளையாட்டு அது ஒன்றுதான் என்பதும் ஒரு காரணம். முதல் வருடம் அவளைப் பார்க்க வேண்டுமென்றால் வரிசையின் கடைசியில்தான் போய் நிற்க வேண்டும். இந்த வருடம் பள்ளியின் முதல் அணியான வார்சிட்டி ஏழு பேரில் ஆறாவது. கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸில் வட்டாரப் போட்டியான செக்‌ஷன் ஃபைனல்ஸ் முடிந்து, அணி ஸ்டேட் மீட்டுக்கு, அதாவது மாநிலப் போட்டிக்கு, தேர்வாகிவிட்டது. ஃப்ரெஸ்னோ வுட்வர்ட் பார்க்கில், தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை.

அதே சனிக்கிழமை காலை டாலஸில் என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஜூலையிலேயே நான்கு டிக்கெட் போட்டாகிவிட்டது.

வீட்டுக்காரர் சொல்வது: "முதல் ஐந்து பேருக்குத்தான் மார்க். இவள் ஆறாவது. ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான். எட்டாவதாக இருக்கிற பெண்ணை அனுப்பட்டும். என் தங்கை வீட்டில் ஒரு தடவைதான் பால் காய்ச்சுவார்கள்." மகள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனவள் சாப்பிடக்கூட வரவில்லை. எனக்கு இந்தக் கணக்கே புரியவில்லை. மார்க் இல்லை என்றால் ஆறாவது ஆளை எதற்கு ஓட விடுகிறார்கள்?

எடிசன்காரன் (ஞாயிறு, இரவு 11:15)

உங்கள் வீட்டுக்காரர் பாதி சரி. மீதிப் பாதியில்தான் இந்த விளையாட்டே இருக்கிறது.

ஓர் அணிக்கு ஏழு பேர். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டினால் அணியின் மார்க். குறைந்த கூட்டல் ஜெயிக்கும். ஐந்து பேரும் 1, 2, 3, 4, 5 என்று வந்தால் 15. அதற்குக் கீழே போகவே முடியாது. ஆறாவது, ஏழாவது ஆளின் இடம் கூட்டலில் சேராது. ஆனால் அவர்கள் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள், அதனால் பின்னால் வரும் எதிரணி ஆள் ஒரு படி கீழே இறங்குகிறாள்.

தாளில் போட்டுப் பாருங்கள். உங்கள் அணி 12, 15, 19, 24, 28. மொத்தம் 98. எதிரணி 9, 14, 18, 25, 31. மொத்தம் 97. ஒரு மார்க்கில் தோற்றுவிட்டீர்கள். இப்போது உங்கள் மகள் கடைசி நூறு மீட்டரில் எதிரணியின் அந்த ஐந்தாவது பெண்ணை மட்டும் முந்துகிறாள் என்று வையுங்கள். மகள் 31, அந்தப் பெண் 32. எதிரணிக்கும் 98 ஆகிவிட்டது. சமமானால் என்ன செய்வார்கள் தெரியுமா? இரண்டு அணியின் ஆறாவது ஆட்களையும் ஒப்பிடுவார்கள். அவர்களுடைய ஆறாவது பெண் எப்படியும் 32க்குப் பின்னால்தான். கோப்பை உங்களுக்கு.

மார்க்கே இல்லாத ஒரு பெண் ஒரே ஒருத்தியை முந்தி, தோற்ற அணியை ஜெயிக்க வைத்துவிட்டாள். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள். இன்ஜினியராக இருந்தால் ஐந்து நிமிடத்தில் வழிக்கு வருவார்.

பாதிப்பழம் (ஞாயிறு, இரவு 11:31)

எல்லாம் சரி, இது ஆயிரத்தில் ஒன்று நடக்கிற கணக்கு. காலேஜ் அட்மிஷனுக்கு அணியில் ஆறாவது என்று எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை. ஃப்ரெஸ்னோவுக்குப் போனாள், போகவில்லை என்று யாரும் கேட்கப் போவதில்லை. சொந்தபந்தம்தான் கடைசிவரை. டாலஸ் போங்கள்.

மடக்குக்குடை (ஞாயிறு, இரவு 11:38)

பாதிப்பழம் அண்ணா, எந்த இழையாக இருந்தாலும் அட்மிஷனைக் கொண்டுவந்து நிறுத்துவதில் உங்களுக்கு நிகர் நீங்கள்தான். போன மாதம் தயிர் உறையவில்லை என்ற இழையிலும் இதே வேலை.

நேப்பர்வில்_நெல்லைக்காரன் (திங்கள், காலை 7:05)

நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் எளிதாகப் புரியும். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறுவோமே, அதே படிக்கட்டுதான். இங்கே லீக், செக்‌ஷன், ஸ்டேட். ஒரே வித்தியாசம், நம்ம பள்ளிக்கூடத்தில் நீளஓட்டம் என்றால் ஜெயித்தவன் ஒருத்தன், அவனுக்கு ஒரு எவர்சில்வர் தட்டு. நாற்பதாவதாக வந்தவனை வாத்தியார்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். இங்கே நாற்பதாவதாக வந்தவனை வைத்துத்தான் கோப்பையே முடிவாகும். நம்ம ஆட்களுக்கு இது மண்டையில் ஏற நாள் பிடிக்கும். எனக்கு இரண்டு சீசன் ஆயிற்று.

நான் இருப்பது இல்லினாய். இங்கே ஸ்டேட் மீட் நவம்பர் தொடக்கத்திலேயே பியோரியா டெட்வைலர் பார்க்கில் முடிந்துவிடும். 1970 முதல் அதே பார்க், அதே மூன்று மைல். அதனால் அப்பா ஓடிய நேரத்தையும் பிள்ளை ஓடிய நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1972ல் க்ரெய்க் வெர்ஜின் என்ற பையன் 13 நிமிடம் 50.6 விநாடியில் ஓடினான். அந்தச் சாதனையை 2019 வரை யாராலும் தொட முடியவில்லை. 47 வருடம்! கடைசியில் உடைந்தது ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில்.

எங்கள் பக்கத்து ஊர் எல்ம்ஹர்ஸ்டில் யார்க் ஹைஸ்கூல் இருக்கிறது. ஜோ நியூட்டன் என்ற கோச் அங்கே 28 மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2017ல் காலமானார். அவர் அணியில் பையன்கள் இருநூறு பேர் வரை இருப்பார்கள். ஓடப்போவது ஏழு பேர், சேர்ந்திருப்பது இருநூறு. தினமும் பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவனிடமும் கை குலுக்கித்தான் வீட்டுக்கு அனுப்புவாராம். இருநூறாவது பையனிடமும்.

ரவுண்ட்ராக்_மாமா (திங்கள், காலை 8:20)

டெக்சஸிலும் அப்படித்தான், நவம்பர் முதல் வாரத்தோடு சரி. எங்கள் ஊர் ஓல்ட் செட்லர்ஸ் பார்க்கில்தான் ஸ்டேட் நடக்கும், எனக்கு நடந்து போகிற தூரம். கலிஃபோர்னியாக்காரர்களுக்கு வெயில் போகாது, அதனால் தேங்க்ஸ்கிவிங் வரைக்கும் இழுக்கிறார்கள்.

டாலஸ்காரன் இல்லை என்றாலும் டெக்சஸ்காரனாகச் சொல்கிறேன். கிரகப்பிரவேசத்துக்கு அண்ணன் போனால் போதும். அண்ணன் மகள் வராததற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆளைப் பிரித்து அனுப்புங்கள்.

சௌத்பே_அம்மா (திங்கள், மதியம் 1:10)

எடிசன்காரன் அண்ணா, உங்கள் 97, 98 கணக்கைக் காட்டினேன். வீட்டுக்காரர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஸ்ப்ரெட்ஷீட் திறந்துவிட்டார். செக்‌ஷன் ஃபைனல்ஸ் ரிசல்ட்டைப் போட்டு, இவள் ஓடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் பார்க்கிறார். ஒரு சந்தேகம்: அந்த ரிசல்ட்டில் இவளுக்கு இரண்டு எண் போட்டிருக்கிறார்கள். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. எது சரி?

எடிசன்காரன் (திங்கள், மதியம் 1:45)

இரண்டும் சரி. பெரியது, மொத்தப் பேரில் அவள் வந்த இடம். சின்னது, அணிக்கணக்கில் வரும் இடம். அணியாகத் தேர்வாகாமல் தனி ஆளாக வந்து ஓடுகிறவர்கள் இருப்பார்கள். அவர்களை வரிசையிலிருந்து உருவி எடுத்துவிட்டு மீதிப் பேருக்கு மறுபடி எண் போடுவார்கள். மகள் நூற்றிருபதாவதாக வந்தாலும் அணிக்கணக்கில் நூறுக்குள் இருக்கலாம். ஸ்ப்ரெட்ஷீட்டில் சின்ன எண்ணைத்தான் போட வேண்டும் என்று அவரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரவு முழுக்கத் தப்பாகவே கூட்டிக்கொண்டிருப்பார்.

பழைய_ரன்னர் (திங்கள், இரவு 9:50)

என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும். நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான், பாட்டியிடம் எழுதக் கற்றது.

நான் பள்ளியில் எட்டாவது ஆள். ஆறாவதும் இல்லை, ஏழாவதும் இல்லை, எட்டாவது. ஸ்டேட் மீட்டுக்கு வேனில் கூட்டிப்போவார்கள். ஹோட்டலில் தூங்குவேன், காலையில் எல்லோருடனும் வார்ம் அப் ஓடுவேன், ஸ்டார்ட் லைன் வரைக்கும் போவேன். துப்பாக்கி வெடிப்பதற்கு முன் ஏழு பேரும் ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் போடுவார்கள். அவ்வளவுதான் என் வேலை. கையில் ஏழு ஸ்வெட்டருடன் ஒரு மைல் குறிக்கும் இரண்டு மைல் குறிக்கும் நடுவே ஓடி ஓடிக் கத்துவேன்.

என்னைவிட நான்கு விநாடி வேகமாக ஓடின பையன்தான் ஏழாவது. அந்த நான்கு விநாடியை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். எனக்கு இப்போது 34 வயது.

அதனால் "எட்டாவது பெண்ணை அனுப்பட்டும்" என்று அங்கிள் சொன்னதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அந்த எட்டாவது பெண் இந்த வாரம் என்ன வேண்டிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் மகள் பிடித்த இடத்தை அப்பா டிக்கெட்டுக்காக அவள் கையில் கொடுத்தால் அந்தப் பெண்ணுக்கும் அது இனிக்காது, ஆன்டி.

மடக்குக்குடை (திங்கள், இரவு 10:02)

பழைய_ரன்னர், உங்கள் பாட்டிக்கு என் வணக்கம். எங்கள் வீட்டில் இங்கே பிறந்ததுகள் "அ" எழுதினாலே பாயசம் வைக்கிறோம்.

பாதிப்பழம் (திங்கள், இரவு 10:20)

எல்லோரும் சேர்ந்து என்னை வில்லனாக்கிவிட்டீர்கள். ஒரு நியாயமான கேள்வி கேட்கிறேன். ஃப்ரெஸ்னோவில் இந்த அணி ஜெயிக்குமா? இல்லை என்றால் 97, 98 எல்லாம் எதற்கு?

தினம்_5கிமீ (செவ்வாய், காலை 6:15)

நியாயமான கேள்விதான். நான் வுட்வர்ட் பார்க்கில் இரண்டு பிள்ளைகளுக்காக ஐந்து தடவை நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரும்பாலான அணிகள் ஜெயிக்க வருவதில்லை. கலிஃபோர்னியா ஸ்டேட் மீட் 1987ல் தொடங்கியதிலிருந்து அந்தப் பார்க்கில்தான். பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை வைத்து ஐந்து டிவிஷன். பையன்கள், பெண்கள் என்று பத்து ரேஸ், ஒரே நாளில். ஒவ்வொரு ரேஸிலும் இருநூறு பேர் அளவுக்கு நிற்பார்கள்.

ஜெயிக்கிற கதை வேண்டுமென்றால் நியூபரி பார்க் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸுக்கு மேற்கே ஒரு சாதாரணப் பொதுப்பள்ளி. நிகோ யங் அங்கே படித்தவர்தான். 2019ல் போர்ட்லண்ட் நேஷனல்ஸில், அதாவது பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியப் போட்டியில், அவர் தனியாகவும் முதலிடம், அணியும் முதலிடம். அவர் நேரம் 14 நிமிடம் 52 விநாடி. ஐந்து வருடம் கழித்துப் பாரிஸ் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடினார். அவர் தம்பிகள் இரட்டையர், அவர்களும் அதே பள்ளி, அதே அணி. அந்த மாதிரி அணியில் ஆறாவது ஆளே மற்ற பள்ளிகளில் முதல் ஆளாக இருப்பான்.

உங்கள் அணி அப்படி இல்லை என்றால் ரேஸ் நடப்பது நடுக்கூட்டத்தில். அங்கே ஒரு விநாடிக்கு ஒன்றிரண்டு பேர் கோட்டைத் தாண்டுவார்கள். நான்கு விநாடி அசந்தால் ஏழெட்டு இடம் போச்சு. பன்னிரண்டாவது அணிக்கும் பதினைந்தாவது அணிக்கும் நடுவே பத்துப் பதினைந்து மார்க்தான் இருக்கும். வெளியே இருப்பவர்களுக்குப் பன்னிரண்டும் பதினைந்தும் ஒன்று. வேனில் திரும்பி வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றில்லை, மூன்று மணி நேரமும் அதே பேச்சாக இருக்கும்.

இன்னொன்று. ஐந்து பேர் கோட்டைத் தாண்டினால்தான் அணிக்கு மார்க்கே உண்டு. ஒருத்திக்குக் கணுக்கால் பிசகினால், ஷூ கழன்றால், காய்ச்சலோடு ஓடி நடுவழியில் உட்கார்ந்துவிட்டால், ஆறாவது பெண்தான் ஐந்தாவது. நவம்பர் கடைசியில் பள்ளிக்கூடம் முழுக்கச் சளிக் காய்ச்சல் சுற்றுகிற சமயம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

எடிசன்காரன் (செவ்வாய், காலை 9:30)

சளிக் காய்ச்சல் என்றதும் ஞாபகம் வருகிறது. 2018 நவம்பரில் பாரடைஸ் ஊர் எரிந்த கேம்ப் ஃபயர் காட்டுத்தீயின் புகையால் பே ஏரியாவில் மீட்டுகள் தள்ளிப்போயின. அப்போது என் மச்சினர் மகன் அங்கே ஓடிக்கொண்டிருந்தான். மூன்று மாதம் வெயிலில் ஓடிவிட்டு, கடைசி வாரம் வீட்டுக்குள் ட்ரெட்மில். 2020ல் கொரோனாவால் ஸ்டேட் மீட்டே கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு அது திரும்பக் கிடைக்கவில்லை. பதினொன்றாவதுதானே, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

எங்கள் நியூ ஜெர்சியில் ஹோம்டெல் பார்க். அங்கே "பவுல்" என்று ஒரு பள்ளம் உண்டு. தடதடவென்று இறங்கிய வேகத்திலேயே திரும்ப ஏற வேண்டும். அதன் விளிம்பில் நிற்கிற பெற்றோர் கூட்டம் ஒன்றாகக் கத்தும். நான் அங்கே கத்தித்தான் இரண்டு நாள் தொண்டை கட்டி, ஆபீஸ் மீட்டிங்கில் சைகையில் பேசினேன்.

சௌத்பே_அம்மா (செவ்வாய், இரவு 8:45)

முடிவு சொல்கிறேன். வீட்டுக்காரரும் பையனும் டாலஸ். நானும் மகளும் ஃப்ரெஸ்னோ. இரண்டு டிக்கெட் காசு போனது போனதுதான், ஏர்லைன் கிரெடிட் என்று ஏதோ கொடுத்திருக்கிறார்கள். நாத்தனாரிடம் நானே ஃபோன் பண்ணிச் சொன்னேன். கோபம் வரும் என்று பயந்துகொண்டே பேசினால், "அண்ணி, லைவ் லிங்க் இருந்தால் அனுப்புங்க, ஹோமத்துக்கு நடுவிலே பார்த்துக்கறேன்" என்கிறாள். இத்தனை நாள் சண்டை யாருக்காகப் போட்டோம் என்று தெரியவில்லை.

வீட்டுக்காரர் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் செக்‌ஷன் ஃபைனல்ஸில் மகள் ஓடாமல் இருந்திருந்தால் இன்னொரு பள்ளியின் மார்க் மூன்று குறைந்திருக்கும் என்று கண்டுபிடித்து, அதைத் தங்கைக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.

இப்போது நடைமுறைக் கேள்விகள். என்ன சாப்பிடக் கொடுப்பது? குளிருக்கு என்ன? எனக்கு அங்கே என்ன வேலை? மகள் மார்ச்சிலிருந்தே களைப்பு களைப்பு என்கிறாள், வயதுக் கோளாறு என்று விட்டுவிட்டேன். நாங்கள் சைவம்.

தினம்_5கிமீ (செவ்வாய், இரவு 9:40)

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சைவம், பெண், நீளஓட்டம், பல மாதக் களைப்பு. நாளைக்கே டாக்டரிடம் ஃபெரிட்டின், அதாவது உடம்பின் இரும்புச் சேமிப்பு, பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்று அனுப்பிவிடுவதும் உண்டு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு தரைமட்டத்தில் இருக்கலாம். என் பெரியவளுக்கு அப்படித்தான், ஒரு சீசன் முழுக்கச் சோம்பேறி என்று திட்டினேன், இன்னமும் அதற்கு வருத்தப்படுகிறேன். டெஸ்ட் இல்லாமல் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், இரும்பு கூடினாலும் கெடுதல். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம், உடம்பில் இரும்பு ஒட்டாது. கீரை, பருப்போடு எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். ஆனால் சனிக்கிழமைக்குள் இதெல்லாம் பலிக்காது. இரும்பு ஏறுவதற்கு மாதக்கணக்கு ஆகும். இது ட்ராக் சீசனுக்கான முதலீடு.

சாப்பாடு: புதிதாக எதுவும் வேண்டாம். லீக் மீட் அன்று என்ன சாப்பிட்டாளோ அதே. ரேஸுக்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்னால். இட்லி நல்லது, ஆனால் சாம்பார் வேண்டாம், சட்னியும் வேண்டாம். சர்க்கரை தொட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள், சின்ன வயதில் நாம் சாப்பிட்ட மாதிரி. தேங்க்ஸ்கிவிங் அன்றும் வயிறு முட்டச் சாப்பாடு கிடையாது.

மடக்குக்குடை (செவ்வாய், இரவு 9:48)

சாம்பார் இல்லாமல் இட்லியா? இதற்கு டாலஸே போயிருக்கலாம்.

தினம்_5கிமீ (செவ்வாய், இரவு 10:05)

குளிர்: ஃப்ரெஸ்னோவில் நவம்பர் கடைசியில் விடியற்காலை நன்றாகக் குளிரும். சில நாள் பள்ளத்தாக்கு மூடுபனி இறங்கிவிடும், முன்னால் போகிற கார்கூடத் தெரியாது. வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஓடும்போது பிள்ளைகள் கை இல்லாத பனியனும் குட்டி ஷார்ட்ஸும்தான் போடுவார்கள், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். முடித்தவுடன் போர்த்தப் பெரிய துண்டு, மாற்றுச் சாக்ஸ், வெந்நீர் ஃபிளாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதை: தொடக்கத்தில் புல்வெளி அகலமாக இருக்கும், பிறகு குறுகும். அதனால் துப்பாக்கி வெடித்ததும் இருநூறு பேரும் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடுவார்கள். அதில் சிக்கி முதல் அரை மைலில் மூச்சை விட்டவர்கள்தான் மூன்றாவது மைல் ஏற்றத்தில் நடப்பார்கள். கோச் சொல்லியிருப்பார், நீங்கள் சொல்ல வேண்டாம். ரேஸ் அன்று அம்மா சொல்லும் எந்த உத்தியும் எந்தப் பெண் காதிலும் ஏறியதாகச் சரித்திரம் இல்லை.

உங்கள் வேலை: கத்துவது. பெயரைச் சொல்லிக் கத்துங்கள், தமிழிலேயே கத்தலாம். இருநூறு பேர் பெயர் காற்றில் பறக்கும்போது "கண்ணா, விடாதே" என்று கேட்டால் அவளுக்கு மட்டும்தான் அது. ஆனால் கயிற்றுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். பக்கத்திலேயே கூட ஓடுவது, தண்ணீர் நீட்டுவது எல்லாம் வெளியாள் உதவிக் கணக்கில் போய்விடும், அவளைத்தான் போட்டியிலிருந்து தூக்குவார்கள்.

நேப்பர்வில்_நெல்லைக்காரன் (செவ்வாய், இரவு 11:00)

உதவி விஷயத்தில் அவர்கள் ரொம்பக் கறார். 2014ல் நார்த் டகோட்டாவில் ஒரு பெண், காயத்தால் ஓட முடியாமல் போன எதிரணிப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு முடித்தாள். நாடு முழுக்கப் பாராட்டு. இரண்டு பேரையும் தகுதிநீக்கம் செய்தார்கள். விதி விதிதான் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது, ஆனாலும் அந்த நடுவர் அன்று ராத்திரி எப்படித் தூங்கினாரோ.

போர்ட்லண்ட் என்று மேலே ஒருவர் சொன்னாரே, அதைப் பற்றி ஒன்று. அந்த நேஷனல்ஸில் பள்ளிப் பெயரில் ஓட முடியாது. பள்ளி சீசன் அதற்குள் முடிந்துவிடுகிறது, அதனால் கிளப் பெயர் வைத்துக்கொண்டு போக வேண்டும். நியூயார்க்கில் ஃபேயட்வில்-மான்லியஸ் பள்ளிப் பெண்கள் "மான்லியஸ்" என்ற பெயரில் போய் 2006 முதல் 2012 வரை வரிசையாக ஏழு தடவை ஜெயித்தார்கள். அந்த அணியைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பிடித்தது, அவர்களில் ஒருத்தி தனியாக ஜெயித்ததால் வந்த வெற்றி இல்லை அது. ஐந்து பேரும் கைக்கெட்டும் தூரத்தில் கூட்டமாக வருவார்கள். முதல் ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதைத்தான் கோச்சுகள் முதலில் பார்ப்பார்கள். மகள் அணியில் அது எவ்வளவு?

சௌத்பே_அம்மா (புதன், காலை 7:30)

கேட்டுவிட்டு வந்தேன். முதல் பெண்ணுக்கும் ஐந்தாவதுக்கும் 58 விநாடி. ஐந்தாவதுக்கும் மகளுக்கும் 6. மகளுக்கும் ஏழாவது பெண்ணுக்கும் 3. அந்த ஏழாவது பெண் ஒன்பதாம் வகுப்பு, சின்னக் குழந்தை மாதிரி இருப்பாள், பல்லில் கம்பி. ரத்தப் பரிசோதனைக்கு வெள்ளிக்குப் பிறகுதான் நேரம் கிடைத்தது.

பழைய_ரன்னர் (புதன், காலை 7:52)

ஆன்டி, அந்த 3 விநாடிதான் உங்கள் மகள் இரவில் யோசிப்பது. 58 இல்லை.

சௌத்பே_அம்மா (ஞாயிறு, மாலை 5:20)

போய்விட்டு வந்தோம். கேட்டவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன், நீளத்துக்கு மன்னிக்கவும்.

மூடுபனி இல்லை, ஆனால் விரல் விறைத்தது. சர்க்கரை தொட்டு மூன்று இட்லி, ஹோட்டல் மைக்ரோவேவில் சுட வைத்தது. பார்க்கிங்கிலிருந்து நடக்கும்போதே கண்ணுக்கெட்டிய தூரம் கூடாரம், ஒவ்வொரு பள்ளிக்கும் ஒன்று, திருவிழாக் கடைத்தெரு மாதிரி. பெண்கள் ஒருத்திக்கொருத்தி சடை பின்னிவிட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் சடையை அந்தப் பல்கம்பிப் பெண்தான் பின்னினாள்.

துப்பாக்கி வெடித்ததும் தரை அதிர்ந்தது என்று எழுதினால் கதை விடுகிறேன் என்பீர்கள், ஆனால் அதிர்ந்தது. ஒரு மைல் குறியில் மகளைத் தேடித் தேடிப் பார்க்க முடியவில்லை. எல்லோரும் ஒரே உயரம், ஒரே சடை. இரண்டாவது மைலில் பார்த்தேன். "விடாதே" என்று கத்தப் போனவளுக்குக் குரலே வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மெக்சிகன் அம்மா, யார் பிள்ளை என்றுகூடத் தெரியாமல் எனக்காகச் சேர்த்துக் கத்தினார்.

முடிவு: மகள் 19 நிமிடம் 31 விநாடி. அவளுடைய வேகமான ரேஸ் இல்லை. கடைசி முந்நூறு மீட்டரில் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் இவளைத் தாண்டிப் போய்விட்டாள். ஆக, அவள் ஆறாவது, என் மகள் ஏழாவது. இந்த இழையில் ஆறாவது ஆளுக்காக மூன்று பக்கம் வாதாடிய எல்லோரும் மன்னிக்க வேண்டும்.

அணி பதினான்காவது. வீட்டுக்காரர் ஹோமப் புகையில் கண் எரிய ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். புரோகிதர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் தர்ப்பையைக் கையில் வாங்கினாராம், நாத்தனார் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அழுவாள் என்று துண்டோடு ஓடினேன். அழவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, "அம்மா, அவ என்னைத் தாண்டும்போது நான்தான் போ, போன்னு சொன்னேன், முன்னால பச்சை டிரெஸ்காரி ஒருத்தி இருந்தா" என்றாள். பச்சை டிரெஸ்காரி இவர்கள் லீக்கில் இருக்கிற இன்னொரு பள்ளி, பெரிய போட்டியாம். பல்கம்பி அவளைப் பிடித்துவிட்டாள். அது இவர்களுக்கு ஸ்டேட் கோப்பை வாங்கின மாதிரி. காரில் லாஸ் பானோஸ் வரை அதே பேச்சு. பிறகு வாய் திறந்தபடியே தூங்கிப்போனாள். மெர்செட் பக்கம் ஒரு தடவை விழித்து "மூணு செகண்ட்" என்றாள், மறுபடி தூங்கிவிட்டாள். இல்லை, வரிசை மாறிவிட்டது, மெர்செட் முதலில், லாஸ் பானோஸ் பிறகு. எனக்கும் தூக்கம்.

எடிசன்காரன் (ஞாயிறு, மாலை 6:40)

ரிசல்ட்டைப் போட்டுப் பார்த்தேன், என்னால் சும்மா இருக்க முடியாது. பச்சை அணி உங்களுக்கு ஓர் இடம் மேலே, பதின்மூன்றாவது. பல்கம்பி பிடித்தது அவர்களுடைய ஐந்தாவது ஆள். அதனால் அவர்களுக்கு ஒரு மார்க் கூடியது. அப்படியும் உங்களைவிட 9 மார்க் நன்றாகத்தான் இருக்கிறார்கள். மகள் ஓடாமல் இருந்திருந்தாலும் பதினான்காவதுதான். என் 97, 98 கணக்கு இந்த ரேஸில் வேலை செய்யவில்லை, நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்.

பாதிப்பழம் (ஞாயிறு, மாலை 6:55)

நான் அப்போதே சொன்னேன்.

மடக்குக்குடை (ஞாயிறு, மாலை 6:57)

அண்ணா, போய்ப் பால் காய்ச்சுங்கள்.

பழைய_ரன்னர் (ஞாயிறு, இரவு 9:15)

ஆன்டி, ஸ்வெட்டர் யார் பிடித்தார்கள்?

சௌத்பே_அம்மா (ஞாயிறு, இரவு 10:30)

எட்டாவது பெண். ஏழு ஸ்வெட்டரையும் தோளில் போட்டுக்கொண்டு அந்த மைதானத்துக்குக் குறுக்கே ஓடினாள் பாருங்கள், அதற்கு நேரம் குறித்திருந்தால் எல்லோரையும் முந்தியிருப்பாள். என் மகள் ஸ்வெட்டர் இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. நாளைக்குப் பள்ளியில் வாங்கிக்கொள்கிறாளாம்.